ஏடு யார் கையில்? வன்னிக் களரிகளில் இடம் காட்டும் மரபுகள்

காத்தவராயன் கூத்தில் மண்ணில் நட்டு நிறுத்தவேண்டிய பொருள் என்று ஒன்றைச் சொல்வதானால் அது கழுமரம்தான். ஆரியமாலாவின் மாளிகை, காத்தான் திரியும் காடு, தாயும் மகனும் வாக்குவாதப்படும் இடம் எல்லாம் பாட்டோடு வந்து பாட்டோடு போய்விடும். விடியப்போகும் நேரத்தில் காத்தான் ஏறவேண்டிய மரத்தை மட்டும் யாரும் பாட்டுக்கு விட்டுவைப்பதில்லை. அது ஆளின் பாரத்தைத் தாங்கவேண்டும், அசையக்கூடாது. எதைக் கண்ணுக்கு முன்னால் வைப்பது, எதைப் பார்த்திருக்கும் சனத்தின் மனதுக்கு விடுவது என்ற கேள்விக்கு நம் பக்கத்துக் கூத்து சொல்லும் விடை இது: உடம்பு தொட்டாக வேண்டியதை வை, மற்றதைப் பாடு.

இந்த விடையை எல்லா மரபும் ஏற்றதில்லை. பரந்தன் மலருக்கு இதை எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணமும் அதுவே. ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 பிரிகிற சந்தி பரந்தன். வீதிகளோடு ஆட்ட முறைகளும் இங்கே வந்து சந்தித்தன. இரணைமடுத் தண்ணீர் பாயும் காணிகளுக்கு 1930களிலிருந்து குடாநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் காத்தவராயனின் சிந்துநடையையும் இசை நாடகப் பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். கிழக்கே முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் கோவலன் கூத்து முன்பே வேரோடியிருந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களுக்குக் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் தெரிந்திருந்தன. இங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் வேலைக்கு வந்தவர்கள் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பதில் நீளும்.

முதலில் வட்டக்களரி. இதற்கு இலக்கணம் சொல்ல மட்டக்களப்புக்குத்தான் போகவேண்டும். சுற்றிவர மக்கள், நடுவில் களரி, பின்னணி என்று ஒரு பக்கமே கிடையாது. பின்னணி இல்லாத இடத்தில் படத்தை எங்கே தொங்கவிடுவது? ஆகவே எல்லா இடமும் வாயாலும் காலாலும் வந்தாக வேண்டும். கட்டியகாரன் வந்து யார் வருகிறார் என்று சொல்கிறான். அரசன் தன் வரவுத் தருவில் தன் நாட்டையும் தன்னையும் தானே பாடுகிறான். பிற்பாட்டுக்காரர் அந்த அடியைத் திருப்பிப் பாடுகையில் சனத்துக்கு அரண்மனையை மனதில் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஒருவன் களரியை ஒரு சுற்றுச் சுற்றினால் நெடுந்தூரம் போய்விட்டான் என்று பொருள். வடமோடியில் போர் அதிகம், தாளம் கடுமை, உடுப்பும் முடியும் கனம். தென்மோடியில் பாட்டு நீண்டு இழையும். இரண்டிலும் தூரம் கால்களுக்குள்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வரைபடமே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஏடு இருக்கிறது. யார் எப்போது எந்தப் பக்கத்தால் வருவது, எத்தனை சுற்று, எந்த அடியில் தாளம் தீர்ப்பது என்பதெல்லாம் மாதக்கணக்கான பழக்கத்தில் தீர்மானமாகிவிட்டவை. படம் இருக்கிறது, பார்ப்பவனுக்குக் காட்டப்படுவதில்லை, அவ்வளவுதான்.

வன்னிக்குள் வந்தால் கோவலன் கூத்து. இதை வட்டக்களரியின் ஒரு கிளை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. இங்கே இடம் வேலைசெய்கிற விதம் வேறு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் ஐதீகப்படி, மதுரையை எரித்த கண்ணகி தெற்கே வந்து இலங்கையில் பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இளைப்பாறிய இடமே பத்தாப்பளை, இன்றைய வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் எடுத்த தண்ணீர் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்கு வரும். அந்தக் கடல் நீரில் விளக்கெரியும். பிறகு வற்றாப்பளைக்குப் போகும். ஒவ்வொரு வருடமும் சனம் தன் காலால் நடந்து போடுகிற பாதை அது. அப்படி நடந்துவிட்டு வந்து களரியோரம் பாய்விரித்து உட்கார்ந்த ஒருவருக்கு, கண்ணகி மதுரைத் தெருவில் சிலம்போடு வரும்போது திரையில் மதுரை தேவையா? அவள் எங்கிருந்து வருகிறாள் என்பதைக் கதை சொல்கிறது. எங்கே வந்து சேரப்போகிறாள் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் மண். நம் மரபுகளில் மனக்காட்சிக்கு இவ்வளவு பெரிய முதல் வைத்திருப்பது வேறு இல்லை என்பது என் எண்ணம். அந்த முதலை அறியாமல் கோவலன் கூத்தைக் கொழும்பு மண்டபத்துக்குக் கொண்டுபோய் ஆடினால் பாதிக் கூத்து பஸ்ஸில் ஏறாமல் இங்கேயே நின்றுவிடும்.

ஊரையே படமாக்கும் முறையின் முழு வடிவத்தைப் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் பார்க்கலாம். அங்கே பாண்டவர் வனவாசம் போவதென்றால் உண்மையாகவே வீதியால் போகிறார்கள். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பாரதக் கூத்தின் படுகளத்துக்குத் துரியோதனனை நிலத்தில் மண்ணால் பெரிதாகக் கிடத்துகிறார்கள். அர்ச்சுனன் தபசுக்கு உயர்ந்த மரம் நடுகிறார்கள். அதே தெருக்கூத்தில் பாத்திரம் முதலில் வரும்போது இருவர் ஒரு துணியைப் பிடித்து மறைப்பார்கள். அந்தத் துணியில் ஒரு படமும் இருக்காது. மலையகத்துக் காமன் கூத்தும் கம்பம் ஊன்றியே தொடங்கும். நடுவது, ஏறுவது, எரிப்பது ஆகிய மூன்றுக்கும்தான் பொருள் தேவைப்படுகிறது.

மறுபக்கத்தில் சீன் கட்டும் மரபு. பார்சி நாடகக் கொம்பனிகளின் வழியில் வந்த தமிழ்நாட்டுக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாட்டுகளோடு தீட்டிய திரைகளும் வந்தன. தெரு, அரண்மனை, காடு, நந்தவனம். கொட்டகைக்குள் இருந்தவர்கள் மயங்கிப்போனார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அந்தத் திரைகளைப் பற்றி ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. அவை எந்த இடத்தையும் காட்டவில்லை. அயோத்தி அரசனுக்கும் அதே மாளிகை, அளகாபுரி அரசனுக்கும் அதே மாளிகை. இது காடு என்று மட்டும் திரை சொல்லும். எந்தக் காடு, ஆறு எந்தப் பக்கம், வேடன் எங்கிருந்து வருவான் என்பதைப் பிறகும் நடிகன்தான் சொல்லவேண்டும். கலையரசு சொர்ணலிங்கம் போன்றவர்கள் காட்சியமைப்பில் கவனமும் ஒழுங்கும் கொண்டுவந்தார்கள். திருமறைக் கலாமன்றத்தில் மரிய சேவியர் அடிகளின் திருப்பாடு நாடகங்கள் பெரிய அரங்கமைப்பைக் கதையின் பகுதியாகவே ஆக்கின. அங்கே படிக்கட்டென்றால் ஏறுகிற படிக்கட்டு.

இந்த மரபுக்குள்ளேயே மறுப்பும் பிறந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) வசந்தகான சபாவோடு ஊர் ஊராகப் போய் மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார். கோயில் வீதியில், கிடைத்த மேடையில், கிடைத்த வெளிச்சத்தில் அரிச்சந்திரன் பாடத் தொடங்கினால் அந்த இடம் சுடலையாகிவிட்டது. சீன் நாடகமாகப் பிறந்த ஒன்றைக் குரலால் மீண்டும் களரிக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வேன். வானொலி இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. சானா சண்முகநாதன் இலங்கை வானொலியில் ‘இலண்டன் கந்தையா’வை ஒலிபரப்பியபோது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் கந்தையருக்கு ஒவ்வொரு முகம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று கூத்தை நவீன மேடைக்கு எடுத்தது களரிக்கும் சீன் மேடைக்கும் நடுவில் நிற்கிறது. சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் சிங்கள அரங்கில் செய்ததைப் பார்த்த உந்துதல் அதில் உண்டு. விடியவிடிய ஆடியது சில மணி நேரமானது. நாற்புறம் பார்த்தது ஒருபுறம் பார்த்தது. தீட்டிய திரையை அவர் தொங்கவிடவில்லை என்பது பெரிய காரியம். ஆனால் சட்டம்போட்ட மேடையில் சுற்று என்பது குறுகிப்போகிறது. களரியில் ஒரு நாட்டைக் கடந்தவன் இங்கே இடமிருந்து வலம் போய் நிற்கிறான். இராவணனாக ஆடிய மௌனகுருவே பின்னாளில் இந்த வரவு செலவைப் பல தடவை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு புதிய விளையாட்டைப் பற்றிப் பேசுவது பெரியவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். ரொறன்ரோவில் வளர்ந்த மருமகன் ஒருவன் எனக்குக் காட்டியது. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, நடத்துநர் சொல்லும் கதைக்குள் போய், என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, பகடை உருட்டி விளைவைத் தீர்மானிக்கிற மேசை விளையாட்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் தாய். இப்போது ஆளுக்கொரு நாட்டிலிருந்து இணையத்தில் ஆடுகிறார்கள்; 2012இல் வந்த ரோல்20 போன்ற தளங்களில் கட்டம்போட்ட வரைபடத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், இன்னும் போகாத இடத்தை நடத்துநர் இருட்டாக மறைத்தும் வைக்கலாம். அவர்களுக்குள் ஓயாத வாதம் ஒன்று: படம் வைத்து ஆடுவதா, வெறும் சொல்லில் ஆடுவதா?

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் நூறு வருடமாகப் பிடிக்கிற சண்டை. ஆனால் அவர்கள் வந்த வழி எதிர்வழி. பிரஷ்ய இராணுவ அதிகாரிகளுக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் அமைத்த போர்ப் பயிற்சி விளையாட்டு முழுக்க வரைபடத்தில் நடந்தது. அந்த வம்சத்துப் பொம்மைப் படை விளையாட்டுகளிலிருந்தே 1974இன் விளையாட்டு பிறந்தது. படத்தில் தொடங்கிப் பேச்சை நோக்கி அவர்கள் வந்தார்கள். பேச்சில் தொடங்கிப் படத்தை நோக்கி நாம் போனோம்.

இன்னொரு வேறுபாடு முக்கியமானது. கூத்துப் பார்ப்பவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. பாலம் எந்தப் பக்கம் என்று இருவர் இருவிதமாக நினைத்தாலும் கூத்து நடக்கும். அந்த விளையாட்டில் பார்ப்பவரே ஆடுபவர், அதுவும் பழக்கம் இல்லாமல் அந்தக் கணத்தில். ஒருவன் பாலத்தில் நிற்கிறேன் என்று நினைக்க, மற்றவன் அவனை ஆற்றில் வைத்து அம்பு விட்டால் அரைமணி நேரம் வழக்குத்தான். ஒரே அறையில் என்றால் விரலால் மேசையில் கோடு கிழித்துக் காட்டலாம். தொலைவிலிருந்து குரல் மட்டும் வரும்போது அதற்கும் வழியில்லை. ஆகவே சண்டைக்குப் படம் வேண்டும் என்று அவர்கள் கேட்பதை நான் ஏற்கிறேன். கெடுதல் எங்கே என்றால், படம் வந்ததும் எல்லோர் கண்ணும் கட்டத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. கதவுக்கு அப்பால் என்ன மணம் வருகிறது என்று கேட்கிற ஆள் இல்லாமல் போகிறான். காயை நகர்த்திவிட்டு முறைக்குக் காத்திருக்கிறான். படத்தில் வரையாத சாளரம் அவனுக்கு இல்லவே இல்லை. மருமகன் அந்தப் பக்கம் நல்ல நடத்துநர் என்று சொல்பவர், கடைவீதியிலும் காட்டுவழியிலும் படத்தை மூடிவைத்துப் பேசுகிறவர். வாள் உருவப்பட்டதும்தான் திறக்கிறார், அதிலும் தேவையான மூலையை மட்டும். முழுப்படம் அவரிடமே இருக்கிறது. எங்கள் அண்ணாவிமார் அவரை மதிப்பார்கள்.

தரம் பார்க்கிற வேலை எனக்கு அவ்வப்போது வாய்ப்பதுண்டு. தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது இவைதான். வாசல் எங்கே என்று ஒருவர் நடந்து காட்டிவிட்டால், பிறகு எவரும் சுவரால் வரக்கூடாது. பாட்டில் காடு வந்த பிறகுதான் கால் காட்டில் நடக்கவேண்டும். மேடையில் வைத்த பொருளைக் கடைசிவரை யாரும் தொடவில்லையென்றால் அதைத் தூக்கிவந்தவருக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். அண்மைக் காலமாக விழாக்களில் எல்.ஈ.டி. திரையை வாடகைக்கு எடுத்து, கூத்துக்குப் பின்னால் அருவி ஓடவிடுகிறார்கள். அது பழைய காட்டுத் திரையை விடவும் மோசம். தீட்டிய காடு சும்மா நின்றது. இது ஆடுபவனோடு போட்டிக்கு ஆடுகிறது, தாளமும் அறியாமல்.

வரைபடத்தை நான் முழுதாக வேண்டாம் என்பவனில்லை. வன்னியில் 2009இன் இடப்பெயர்வுகளில் போன பெட்டிகளோடு அண்ணாவிமாரின் கொப்பிகளும் போயின. பாட்டுகள் பலருக்கு வாயில் இருக்கின்றன. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த மன்னார், மட்டக்களப்பு நாடகங்கள் போல அச்சில் வந்தவையும் உண்டு. ஆனால் அச்சில் இருப்பவை பெரும்பாலும் பாட்டும் வசனமும்தான். கோவலன் விடைபெறும்போது கண்ணகி எந்தப் பக்கம் நின்றாள், அவன் வலம் சுற்றினானா இடம் சுற்றினானா, எத்தனையாவது சுற்றில் மாதவி உள்ளே வந்தாள் என்பதற்கு ஏடு இல்லை. காணொளியில் பிடித்தவற்றிலும் ஒளிப்படக்காரர் முகத்தைப் பிடித்து, காலை விட்டுவிடுகிறார். ஒவ்வொரு தருவுக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நிற்கும் இடத்தில் புள்ளி வைத்தால் போதும். பள்ளிக்கூடக் கொப்பியில் பிள்ளைகளே செய்யலாம். கேட்கப் போகிறவர்கள் முதலில் மத்தளக்காரரிடம் போகவேண்டும். ஆடியவர் தன் சுற்றை மறந்தாலும், அது முடியும்வரை அடித்தவருக்கு எத்தனை என்று தெரியும்.