பசலையும் மனச்சோர்வும்: ஓர் ஒப்பீட்டின் இடர்

சங்க அகப்பாடல்களில் பயிலும் பசலையை இன்றைய உளமருத்துவம் கூறும் மனச்சோர்வு நோயோடு பொருத்திக் காட்டும் போக்கு தமிழாய்வில் காணப்படுகிறது. துயிலின்மை, உணவில் விருப்பின்மை, தோள் மெலிதல், வளை நெகிழ்தல், ஆயத்தாரோடு ஆடுதலில் நாட்டம் குறைதல் என்பன பட்டியலின் ஒருபுறமும், மருத்துவக் கையேட்டின் அறிகுறிகள் மறுபுறமும் நிற்கும். தொல்காப்பியக் களவியல் வேட்கை முதல் சாக்காடு ஈறாக ஒன்பது நிலைகளைக் கூறுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடும் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளையே தருகிறது. எண் ஒத்திருப்பது தற்செயல். கையேடு வற்புறுத்தும் குற்றவுணர்வும் தன்மதிப்பிழப்பும் களவியற் பட்டியலில் இல்லை. களவியல் கூறும் வேட்கை கையேட்டில் இல்லை.

இவ்வொப்பீடு உண்மையில் தடுமாறும் இடம் அறிகுறியன்று, காரணமும் தீர்வுமே. பசலைக்குக் காரணம் பிரிவு. தலைவன் வந்தால் அது நீங்கும். திருக்குறளின் பசப்புறுபருவரல் அதிகாரம், விளக்கு அணையும் நேரம் பார்த்திருக்கும் இருளைப் பசப்புக்கு உவமையாக்குகிறது. ஒளி வந்தால் இருள் அகலும் என்ற உறுதி அவ்வுவமைக்குள்ளேயே உள்ளது. மனச்சோர்வு நோய்க்கு அவ்வுறுதி இல்லை. அது ஓர் இழப்பைத் தொடர்ந்தும் வரும், வெளிப்படையான காரணம் ஏதுமின்றியும் வரும். இழந்தது திரும்பக் கிடைத்த பின்னும் நீடிக்கும். ஒருமுறை தணிந்து மீண்டும் தோன்றும்.

இவ்வேறுபாட்டை மறைக்கும் கட்டுரை, சங்கச் சான்றோர் மனச்சோர்வுக்கு அன்றே மருந்து கண்டனர் என்று முடியுமாயின், அம்மருந்து திருமணம் என்றே பொருள்படும். நம் குடும்பங்களில் இக்கருத்து ஏற்கெனவே வலுவாக உள்ளது. சோர்ந்து ஒடுங்கிய பெண்ணுக்கு 'ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற கூற்றைக் கேளாதவர் அரியர். அவ்வாறு மணமான பெண் புகுந்த வீட்டில் நோயை மறைத்தாக வேண்டும். கண்ணில் படும் என்று மாத்திரையை நிறுத்துவாள். சோம்பேறி என்ற பெயர் பெறுவாள். மகப்பேற்றுக்குப் பின் நோய் மீண்டால் தாய்மையும் பழிக்கப்படும். ஆண்களிடத்து இதே நோய் பெரும்பாலும் குடிக்குள் ஒளிந்துகொள்கிறது. உடலும் இதற்குத் தப்புவதில்லை. மனச்சோர்வு இதயநோய்க்கான வாய்ப்பை உயர்த்துகிறது; நீரிழிவு உடையவர் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிடக் காரணமாகிறது. உலகில் ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு; அவற்றுக்குரிய முதன்மைக் காரணிகளுள் மனச்சோர்வும் ஒன்று. இந்தியாவின் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளிட்ட பொது மனநலக் கோளாறுகள் உடையோருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை.

அப்படியாயின் சங்கப் பாடல்கள் இப்பொருளில் பேசுவதற்கு ஒன்றுமில்லையா? உண்டு, அது பசலையில் அன்று, வெறியாட்டில் உள்ளது. மகளின் மெலிவைத் தாய் சரியாகவே காண்கிறாள். காரணத்தைத்தான் பிழைபடக் கொள்கிறாள். முருகணங்கு என எண்ணி வேலன் அழைக்கப்படுகிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது, மகளோ நாணத்தால் வாய் திறவாள். குறுந்தொகை 362இல் தோழி வேலனையே மறித்து, நோய்க்குக் காரணமானவன் மார்பும் இப்பலியை உண்ணுமோ என வினவுகிறாள். நற்றிணை 34இல், காரணம் அறிந்தும் வெறியாட்டுக் களத்துக்கு வந்த முருகனே அறியாமை உடையவன் ஆகிறான். (இவ்விரு பாடல்களும் வேலனையும் தெய்வத்தையும் எள்ளுகின்றனவேயன்றித் தாயை எள்ளுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.) நோயைக் கண்டும் நோயின் பெயரை அறியாத வீடு என்னும் இச்சூழல் நமக்கு அயலானதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினர். 28 பேர் இறந்தனர். வழிபாடு அங்குக் கொலை செய்யவில்லை. சிகிச்சையின் இடத்தில் சங்கிலி இருந்தது. அதே ஏர்வாடியில் பின்னர், வேண்டுதலோடு மருந்தையும் சேர்த்து வழங்கும் அரசுத் திட்டம் வந்தது. நம்பிக்கையைப் பழிப்பதைவிட இது பயனுள்ள வழி என்றே தோன்றுகிறது.

தோழியின் கூற்றும் வரைவில்தானே முடிகிறது எனலாம். உண்மையே. ஆயின் அவள் திருமணத்தைப் பொதுமருந்தாக முன்வைக்கவில்லை. தலைவியின் துயருக்கு உரிய காரணத்தை அறிந்து, அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்கிறாள். இதற்கென எளித்தல் முதல் உண்மை செப்பல் ஈறாக ஏழு வகைகளைத் தொல்காப்பியப் பொருளியல் அறத்தொடு நிற்றலில் வகுத்துள்ளது. மறைத்த துயரை ஒரு குடும்பத்துக்குள் எவ்வாறு பேச்சாக்குவது என்பதற்கான வகைப்பாடாகவே அதனைக் கொள்ளலாம். மருந்து அதிகாரம் நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பேணுபவனையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக எண்ணுகிறது. தோழிக்குரிய இடம் அது. பசலைப் பட்டியல்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியேனும் அவள் பேசும் முறைக்குச் செலவிடப்படுமாயின், மனநலத் துறையினர் தமிழாய்விடம் கேட்டுப் பெறத்தக்க செய்தி ஒன்று கிடைக்கும்.