ஒரே உறையில் இரு நோக்கங்கள்: 1987 உடன்படிக்கை

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பமிட்ட உடன்படிக்கையை ஒரு பனுவலாக வாசிப்போர், அதன் பிரதான பகுதியையும் இணைப்புக் கடிதங்களையும் ஒப்புநோக்க வேண்டும். முன்னது இனப்பிணக்கின் தீர்வைப் பேசுகிறது. பின்னவை திருகோணமலைத் துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் அந்நிய ஒலிபரப்பு நிலையங்களையும் பேசுகின்றன. சமாதானமும் சொந்தப் பாதுகாப்பு நலனும் ஒரே உறையில் இடப்பட்டதே இப்பனுவலின் அடிப்படைக் குறை.

அரபியில் நடுவரை 'ஹகம்' என்பர். வழக்குடைய இரு தரப்பும் ஏற்ற பின்னரே ஒருவர் ஹகம் ஆகிறார். இங்கோ விடுதலைப் புலிகள் ஒப்பமிடவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் நடுவரே போரிடும் தரப்பாயினர். ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினரும் எண்ணற்ற பொதுமக்களும் மாண்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார்.

உடன்படிக்கை முஸ்லிம்களைத் தனி இனமாகப் பெயர் சுட்டுகிறது. ஆயினும் கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான அவர்கள், வடக்குடனான இணைப்பால் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைந்தனர். கிழக்கு மக்களின் விருப்பறிய வாக்களிக்கப்பட்ட பொதுவாக்கெடுப்பு நடைபெறவே இல்லை. 1990 அக்டோபரில் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுக்காகக் கேட்க எந்த நடுவரும் இல்லை. இணைப்பையும் 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

எஞ்சியது பதின்மூன்றாம் திருத்தம். அதை நிறைவேற்றுமாறு டெல்லி இன்றளவும் கேட்கிறது. கொழும்போ அதில் அந்நியப் படையின் நிழலைக் காண்கிறது. எண்ணெய்க் குதங்களுக்கு 2022 ஜனவரியில் மீண்டும் ஒப்பந்தம் எழுத நேர்ந்தது. படைகள் மூன்றாண்டுகளுக்குள் திரும்பிவிட்டன. ஐயம் மட்டும் திரும்பவில்லை.