பலூன் நுரையீரலும் உதரவிதானமும்

2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளி காட்டூரில் தொடங்கப்பெற்ற வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் அரசுப்பள்ளி மாணவர்க்குச் செய்துகற்றலை முன்வைக்கிறது. இந்நோக்கில், பள்ளிகளில் பரவலாகச் செய்யப்பெறும் பலூன் நுரையீரல் மாதிரி மதிப்பிடத்தக்கது. புட்டியின் அடியை வெட்டிக் கட்டிய ரப்பர்த்தாளைக் கீழிழுத்தால் உள்ளிருக்கும் பலூன் விரிகிறது. மார்பறை விரிவதாலேயே காற்று உள்நுழைகிறது என்பது விளங்குகிறது. அதுவரை மாதிரி மெய்யே. ஆயின் புட்டிச்சுவர் அசைவதில்லை, விலாவெலும்புகளோ உயர்கின்றன. தட்டையான ரப்பர் கீழ்நோக்கிக் குவிகிறது. உடலிலோ மேல்நோக்கிக் கவிந்த தசை சுருங்கித் தட்டையாகிறது. இப்பிழையைத் திருத்தவல்லது 'உதரவிதானம்' என்னும் கலைச்சொல்லே. விதானம் மேற்கட்டி; திருவரங்கத்து மண்டபங்களில் நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு உதரத்தின்மேல் கவிந்த கூரையை விளக்குவது அரிதன்று. இச்சொல்லை மனப்பாடத்திற்கு ஒதுக்கிவிட்டுப் புட்டியை மட்டும் காட்டுவது பாதிக் கற்பித்தலாகும். மாணவர் தம் விலாவில் கைவைத்து மூச்சிழுத்து, புட்டி எங்கெங்கு உடலினின்று வேறுபடுகிறது எனத் தாமே எழுதுதல் வேண்டும்.