வாடகைப் படத்துக்கு ஒரு கணக்கு இருந்தது

வீடியோ கடைகள் மூடிப்போனதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் எண்பதுகளில் படம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு டேப்பை வாடகைக்கு எடுத்து வந்தால் லயத்தில் பாதிப் பேர் ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல காட்சிதான். ஆனால் ஓடியது என்ன? எல்லாம் சென்னைப் படம். கடைக்காரர் எதை அடுக்கி வைத்தாரோ, அதுவே நம் சினிமா அறிவு. நம் தோட்டத்துப் பேச்சை அந்தத் திரையில் கேட்டவர் யார்?

அமெரிக்காவில் கதை வேறு. 1998இல் நெட்ஃபிலிக்ஸ் டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பத் தொடங்கியது. 2010இல் பிளாக்பஸ்டர் கடைகள் திவாலாயின. இந்தக் கதையை அப்படியே இங்கே ஒட்டவைத்து எழுதுகிறவர்கள் பாசார் மாலாமை மறந்துவிடுகிறார்கள். இங்கே வாடகைக் கடையின் கழுத்தை முதலில் நெரித்தது இணையம் இல்லை, திருட்டு விசிடி. சில வெள்ளிக்குப் படமே சொந்தமாகக் கிடைக்கும்போது வாடகை எதற்கு? அரசாங்கம் 2000இல் ஒளிவட்டுச் சட்டம் கொண்டுவந்த பிறகும் அந்த மேசைகள் சுலபத்தில் காலியாகவில்லை.

என் கணக்கில் முக்கியமான ஆண்டு 2011. அஸ்ட்ரோ ஃபர்ஸ்ட் வந்தது. உள்ளூர்ப் படம், 15 வெள்ளி, இரண்டு நாள். வீட்டிலிருந்தே வாங்கிக் குடும்பத்தோடு பார்க்கலாம். மழை வந்தால் படம் நின்றுபோகும், அது வேறு விஷயம். மலேசியத் தமிழ்ப் படங்களும் அந்த வரிசையில் வந்தன. தோட்டத்தில் இருக்கிற ஒரு வீடு, 'இந்தப் படம் எனக்கு வேண்டும்' என்று அந்த ஒரு படத்துக்காகவே காசு கட்டியது. வீடியோ கடையும் திருட்டு விசிடியும் நம் இயக்குநர்களுக்குத் தராத கணக்கு அது.

அடுத்து மாதச் சந்தா வந்தது. 2015இல் ஐஃபிலிக்ஸ், 2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ். பார்வையாளனுக்கு இது லாபம், மறுக்கவில்லை. ஆனால் சந்தாவில் நீங்கள் காசு கட்டுவது அலமாரிக்கு, படத்துக்கு அல்ல. பெரும்பாலும் ஒரு தொகை பேசி உரிமம் வாங்குகிறார்கள். தவணை முடிந்தால் படம் காணாமல் போகும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது நிறுவனத்துக்குத்தான் வெளிச்சம். அலமாரியின் முன்வரிசையிலோ மறுபடியும் சென்னைப் படங்கள். எண்பதுகளின் கடைக்காரர் இப்போது ஆளில்லாத கடைக்காரராகிவிட்டார், அவ்வளவுதான்.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் வாழ்க்கையை நம் பேச்சுத் தமிழிலேயே சொன்ன படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் பெற்றது. இப்படி ஒரு படம் அடுத்தும் வர வேண்டுமென்றால் பாராட்டு மட்டும் போதாது. எத்தனை வீடுகள் அதைக் கேட்டு வாங்கின என்ற கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டித்தான் இயக்குநர் அடுத்த படத்துக்கு முதலீடு கேட்க முடியும்.

அதனால் சந்தாவை ரத்து செய்யச் சொல்லவில்லை. உள்ளூர்ப் படம் தனி வாடகைக்கு வந்தால் அந்தச் சில வெள்ளியைக் கட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் காரணத்தோடு திட்டி எழுதுங்கள். காசு கட்டிப் பார்த்தவனின் திட்டுக்கு நம் சினிமாவில் ஒரு மதிப்பு உண்டு.