பல்புலன் ஒலிமுறையும் தமிழ் உயிர்மெய்யும்

எழுத்தைக் கண்டு, ஒலியைச் சொல்லி, அதனைச் செவியேற்று, விரலால் வரைந்து பயிலும் பல்புலன் ஒலிமுறை, சிறார்க்குப் படிக்கக் கற்பிக்கும் முறைகளுள் ஒன்று. எழுத்தறிதலில் இடர்ப்படும் சிறாரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஆர்ட்டன் 1925-இல் எழுதினார். அவர் கருத்தைத் தழுவிக் கில்லிங்காம், ஸ்டில்மன் என்னும் இருவர் 1936-இல் கைந்நூல் வகுத்தனர். இம்முறை தமிழுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

விரலால் வரைந்து வாயாற் சொல்லுதல் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிச் சிறார் மணலில் எழுதிப் பயின்றனர். சென்னையில் அதனைக் கண்ட ஆண்ட்ரூ பெல் தம் பொறுப்பிலிருந்த பள்ளியிலும் அதனைக் கைக்கொண்டார். தம் முறையை விளக்கி 1797-இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். ஆதலின், வரைந்து பயிற்றுவதில் நமக்குத் தடையில்லை. எதனை ஓர் அலகாகக் கொண்டு வரைவது என்பதே வினா.

ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்துக்களாய் வரிசையில் நிற்பன; ஒலிக்கும் முறையே பெரும்பாலும் எழுதும் முறை. தமிழில் உயிர்மெய் ஓரெழுத்து. அதன்கண் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது இலக்கண நூலார் முடிபு. வரிவடிவமோ எங்கும் அவ்வாறு அமைவதில்லை. கெ, கே, கை என்பவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன் நிற்கின்றது. கொ, கோ, கௌ என்பவற்றில் இருபாலும் நிற்கின்றது. வாய் இறுதியில் ஒலிப்பதைக் கை முதலில் வரைகின்றது. எனவே, குறிதோறும் ஒலி சொல்லுமாறு பணிப்பின், ஒன்றற்கொன்று துணையாக வேண்டிய புலன்கள் தம்முள் முரணும். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, றா போன்றவற்றின் வடிவை ஒழுங்குபடுத்தியதேயன்றி, இம்மாறுபாட்டைத் தொடவில்லை.

அங்ஙனமாயின், 216 உயிர்மெய்களையும் தனித்தனியே நெட்டுருச் செய்தல் வேண்டுமோ எனின், வேண்டா. மெய்யையும் உயிரையும் பிரித்தலும் கூட்டலும் முதற்கண் வாய்க்கும் செவிக்கும் உரிய பயிற்சியாதல் வேண்டும். 'க்' என்பதனோடு 'ஒ' கூடக் 'கொ' பிறத்தலைச் சிறுவன் கேட்டு உணர்ந்த பின்னரே, அவ்வெழுத்தை முழுமையாக வரைந்து ஒருமுறை ஒலித்தல் தகும். உகர ஊகாரக் குறிகள் மெய்க்கேற்ப வடிவு வேறுபடுதலின், அவற்றிற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

'கொ' என எழுதியிருப்பதைக் 'கெ' என்றும் 'கா' என்றும் பிரித்துப் படிக்கும் சிறுவனை அறிவு குறைந்தவன் எனல் அறமன்று. அவன் தன் கண் கண்ட வரிசையையே பின்பற்றினான். முறையைக் கொண்டுவருவோர் நம் எழுத்தின் இயல்பை முதற்கண் உணர்தல் கடன்.