ஒரே முக்காலியில் கோணமும் தூரமும்

1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கப் புகுந்தபோது, உஷ்ணத்தால் சங்கிலி நீளுமென்பதை உணர்ந்து, அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, உஷ்ணமானிகளைப் பக்கத்தில் வைத்து, அங்குலம் அங்குலமாக முன்னேறி, 57 நாட்களில் அப்பணியை நிறைவேற்றினார். இன்று நில அளவையர் தோளில் சுமந்து செல்லும் டோட்டல் ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டர் தூரத்தை, சில விநாடிகளில், நான்கைந்து மில்லிமீட்டர்ப் பிழைக்குள் சொல்லிவிடுகிறது. ஐந்து விநாடிக் கோண நுட்பமுள்ள அத்தகைய கருவி ஒன்றை வயல்வெளிகளில் வைத்துப் பழகியதால் உண்டான அபிப்பிராயத்தையே இங்கு எழுதுகிறேன்.

கோணம் அளக்கும் தியோடலைட்டும் தூரமானியும் ஒரே தேகத்தில் கூடிய யந்திரம் இது. கண்ணுக்குப் புலப்படாத கிரணம் புறப்பட்டுச் சென்று, எதிரே கோலின் மேல் நிற்கும் பிரிசத்தில் பட்டுத் திரும்புகையில், அதன் அலையில் நேர்ந்த கட்ட வித்தியாசத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. சாய்ந்த தூரத்தைச் செங்குத்துக் கோணத்தின் உதவியால் கிடைத்தூரமாக அதுவே மாற்றித் தந்துவிடுவதால், மேட்டிலும் வரப்பிலும் சங்கிலியைப் படிப்படியாகப் பிடித்து இறக்கும் சிரமம் அடியோடு ஒழிந்தது. இதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் திரையில் தோன்றும் எண் எவ்வளவு நம்பிக்கையோடு நிற்கிறதோ அவ்வளவு விழிப்பு நமக்கு வேண்டும். பிரிசத்தின் கண்ணாடிக்குள் ஒளி தாமதிப்பதை ஈடுசெய்ய ஒரு மாறிலியைக் கருவியில் பதிய வேண்டும். பல பிரிசங்களுக்கு அது கழித்தல் 30 மில்லிமீட்டர், சிலவற்றுக்குப் பூஜ்யம். மாற்றிப் பதிந்துவிட்டால் ஒவ்வொரு தூரமும் அதே அளவு தவறும். நூறு முறை திரும்ப அளந்தாலும் நூறும் ஒத்துப்போகுமாதலால் சந்தேகமே எழாது. இதைக் கண்டுபிடிக்க எளிய உபாயம் உண்டு: ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளிகளை நட்டு, இரு துண்டுகளையும் முழு நீளத்தையும் தனித்தனியே அளந்தால், துண்டுகளின் கூட்டுத்தொகை முழு நீளத்தினின்றும் வேறுபடும் அளவே அப்பிழை. புதிய பிரிசம் கைக்கு வந்தவுடன் இச்சோதனையைச் செய்யாமல் வேலை தொடங்குவது தகாது.

காற்றின் உஷ்ணத்தையும் பதிய வேண்டும். 15 பாகைக்கென அமைந்த கருவியை 38 பாகை வெயிலில் அப்படியே உபயோகித்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லும்; ஆயினும் மனைப்பிரிவின் குறுகிய தூரங்களில் இது அற்பமே.

கோணத்தில்தான் இவ்வகைக் கருவியின் எல்லை தெரிகிறது. ஐந்து விநாடிப் பிழை 200 மீட்டரில் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது; ஒரு கிலோமீட்டரில் 24 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். ஆகவே நீண்ட குறிகளை இடமுகம், வலமுகம் இரண்டிலும் நோக்கிச் சராசரி எடுப்பது அவசியம். நண்பகல் வேளையில் தரைமட்டத்தில் கானல் அலைய, குறுக்குக் கம்பியில் பிரிசம் நடுங்குவதை எந்த மின்னணு நுட்பத்தாலும் தடுக்க இயலவில்லை. காலையிலேயே நெடுந்தூரக் குறிகளை முடித்துக்கொள்வதே உசிதம்.

மனைப்பிரிவும் கால்வாய் அளவும் செய்பவர்களுக்கு இக்கருவி தாராளமாகப் போதும். வாங்குவோர் விலையுயர்ந்த மாதிரியை நாடுவதைவிட, நல்ல முக்காலியிலும், வருஷந்தோறும் செய்விக்கும் அளவுத்திருத்தத்திலும் பணத்தைச் செலவிடுவதே நன்று.