ஒரு திருப்பலி, மூன்று ஆற்றுகைகள்: மறுமலர்ச்சிக் காலப் பல்குரலிசை பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

இலக்கியப் பிரதி ஒன்றினை ஆராயுமிடத்து, அது யாரால், யாருக்காக, எத்தகைய உற்பத்தி உறவுகளின் மத்தியில் ஆக்கப்பட்டது என்னும் வினாவை எழுப்புதற்கு நாம் பழகியுள்ளோம். இசை பற்றிப் பேசத் தொடங்கியதும் இவ்வினா பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. இனிமை, தூய்மை, தெய்விகம் முதலாய சொற்கள் ஆராய்ச்சியின் இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துத் திருச்சபை இசையைப் பாடும் குழுக்களை மதிப்பிடும் எழுத்துக்களில் இக்குறைபாடு தெளிவாகவே தெரிகின்றது. ஒரு குழுவின் ஒலி 'தூய்மையானது' என்றும், மற்றொன்றினது 'மூலத்திற்கு உண்மையானது' என்றும் தீர்ப்புக் கூறப்படுகின்றது. இவ்விரு அளவுகோல்களும் எங்கிருந்து வந்தன என்பது வினவப்படுவதில்லை. ஜொஸ்கின் தே பிறே இயற்றிய 'பாஞ்சே லிங்குவா' திருப்பலி இசையின் மூன்று ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு இவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு குரல்களுக்கென அமைந்த இவ்வாக்கம் ஜொஸ்கினின் பிற்காலப் படைப்புக்களுள் ஒன்று. பெத்றுச்சி என்னும் இசை அச்சகர் 1502, 1505, 1514 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஜொஸ்கின் திருப்பலித் தொகுதிகள் மூன்றிலும் இது இடம்பெறவில்லை. 1521 இல் ஜொஸ்கின் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1539 இல் நூரம்பேர்க் நகரில் இது அச்சேறிற்று. தோமஸ் அக்குவினாஸ் இயற்றியதாகக் கொள்ளப்படும் தேவநற்கருணைக் கீதத்தின் மெட்டே இதன் அடிப்படை. அம்மெட்டு ஒரு குரலில் மட்டும் தங்கிவிடாது, துண்டுகளாகப் பிரிந்தும் உருமாறியும் நான்கு குரல்களிலும் பயில்கின்றது.

இவ்விசையைப் பிறப்பித்த உறவுகளையும் மனங்கொள்ளல் வேண்டும். அக்காலப் பாடகர் பலரின் வாழ்வு தேவாலய மானியங்களை, அதாவது நிலத்திலிருந்து பெறப்பட்ட வருவாயை, ஆதாரமாகக் கொண்டிருந்தது. மறுபுறத்தே, அரசவைகளுக்கிடையிலான போட்டி இசைஞனுக்கு ஒருவகைச் சந்தை மதிப்பையும் தேடித்தந்தது. 1502 இல் பெறாறா நகரக் கோமகனுக்கு அவரது முகவர் ஒருவர் எழுதிய கடிதம் இதற்குத் தக்க சான்றாகும். ஜொஸ்கின் சிறப்பாக இயற்றுபவர் எனினும் தாம் விரும்பும் வேளையிலேயே இயற்றுபவர். அவர் கேட்பது 200 டூக்கற்று. ஈசாக் என்பவரோ 120 டூக்கற்றுக்கு வருவார் என அதில் கணக்கிடப்படுகின்றது. கோமகன் அடுத்த ஆண்டு ஜொஸ்கினையே அமர்த்தினார். நிலமானிய அமைப்பினுள்ளே 'கலைஞன்' என்னும் புதிய மனிதன் தலைதூக்கும் தருணத்தை இங்கு காண்கின்றோம். வழிபாட்டின் சேவகனாகவும் தன் உழைப்பின் விலையை அறிந்தவனாகவும் அவன் ஒருங்கே நிற்கின்றான். இம்முரண்பாடு இசையினுள்ளும் உண்டு. பொதுவான புனித மெட்டும் தனிப்பட்ட ஆக்கத்திறனும் ஒவ்வோர் அடியிலும் ஒன்றோடொன்று உறழ்கின்றன.

இனி ஆற்றுகைகளை நோக்குவோம். பீற்றர் பிலிப்ஸ் 1973 இல் ஒக்ஸ்போர்ட்டில் நிறுவிய டாலிஸ் ஸ்கொலர்ஸ் குழுவின் பதிவு 1987 இல் 'கிராமபோன்' சஞ்சிகையின் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான விருதைப் பெற்றது. இக்குழுவில் பொதுவாக ஒரு குரற்பகுதிக்கு இருவர் பாடுவர். மேற்குரலைப் பெண்கள் பாடுவர். அதிர்வு குறைந்த, நேரான, ஒன்றோடொன்று முற்றாகக் கலக்கும் குரல்கள் அவர்களுடையவை. ஜொஸ்கின் காலத்துத் தேவாலயப் பாடகர் குழுவிலே பெண்களுக்கு இடமிருக்கவில்லை. ஆகவே இவ்வொலி 'மூலம்' அன்று. இதன் ஊற்றினை ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் கல்லூரித் தேவாலயங்களிலே தேடுதல் வேண்டும். அங்கு நாளாந்த வழிபாடு பார்த்தவுடன் பாடும் திறனை வளர்த்தது. 1970களில் அதுவரை ஆண்களுக்கேயுரியனவாக இருந்த கல்லூரிகள் பெண்களை அனுமதிக்கத் தொடங்கியமை அப்பயிற்சியைப் பெற்ற பெண்குரல்களையும் உருவாக்கிற்று. ஆங்கிலக் குழுக்களின் நுட்பத்துக்கும் அக்கல்லூரி மரபுக்குமுள்ள தொடர்பினைக் கிறிஸ்ரொபர் பேஜ் 1993 இல் விளக்கியுள்ளார். நாம் இதனோடு ஒன்றைச் சேர்ப்போம். நிரந்தர ஊதியமின்றி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் உழைக்கும் பாடகர்கள் குறைந்த ஒத்திகை நேரத்தில் நிறைவான ஒலிப்பதிவைத் தரவேண்டியுள்ளது. தனித்தன்மையை அடக்கிக் கலந்துவிடும் குரல் அத்தகைய உழைப்புச் சந்தைக்கு மிகப் பொருத்தமானது. 'தூய்மை' எனப் போற்றப்படுவதற்கு இவ்வாறான பொருளியல் அடித்தளமும் உண்டு.

இரண்டாவது பதிவு 1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. டொமினிக் வீஸின் கிளெமான் ஜானெக்கான் குழுவும், மார்செல் பெறெஸ் 1982 இல் நிறுவிய ஓர்கானும் குழுவும் பிரான்சிலே இணைந்து அதனை அளித்தன. இங்கு திருப்பலியின் பகுதிகள் தொடர்ச்சியாக அடுக்கப்படவில்லை. தேவநற்கருணைப் பெருவிழாவுக்குரிய கிறகோரியன் கீதங்கள் அவற்றினிடையே உரிய இடங்களில் வருகின்றன. இதனால் ஜொஸ்கினின் இசை தனித்து நிற்கும் கலைப்பொருள் என்னும் மயக்கம் கலைகின்றது. நீண்ட சடங்கொன்றின் உறுப்பாக அது மீண்டும் கேட்கின்றது. ஆண்குரல்கள் தத்தம் நிறவேறுபாட்டை மறைப்பதில்லை. எனினும் இங்கும் எச்சரிக்கை தேவை. வீட்டு அறையிலே ஒலிக்கும் இசைத்தட்டில் சடங்கு மீள்வதில்லை, அதன் சாயலே மீள்கின்றது. வால்ற்றர் பெஞ்சமின் 1936 இல் வெளியான தமது கட்டுரையில் வழிபாட்டு மதிப்பு, காட்சி மதிப்பு என இரண்டினை வேறுபடுத்தினார். இப்பதிவில் வழிபாட்டு மதிப்பே காட்சிப்பொருளாகி விற்பனைக்கு வருகின்றது.

மூன்றாவது, 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஓடொனல் வழிநடத்திய இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் கத்தோலிக்கப் பேராலயப் பாடகர் குழுவின் பதிவு. சிறுவரும் ஆடவரும் பாடும் இக்குழுவுக்குத் திருப்பலி அன்றாட உழைப்பு. ஆகவே இதனை 'உயிருள்ள மரபு' என்பர். ஆனால் இக்குழு 1901 இலேயே தோன்றிற்று. முதல் இசையியக்குநர் றிச்சாட் ரெறி மறக்கப்பட்டிருந்த பதினாறாம் நூற்றாண்டு இசையைத் தேடியெடுத்துப் புத்துயிரளித்தார். 1903 இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் விடுத்த ஆணை பல்குரலிசையைப் போற்றியதோடு, பெண்களைப் பாடகர் குழுவிலிருந்து விலக்கவும் செய்தது. சிறுவரின் கூர்மையான, நெஞ்சுரமிக்க தொனியும் 1947 முதல் 1959 வரை இயக்குநராக இருந்த ஜோர்ஜ் மல்கம், ஆங்கிலிக்கன் தேவாலயங்களின் மென்தொனிக்கு எதிராகப் பயிற்றி வளர்த்ததாகும். மரபு எனப்படுவது இங்கு இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமே.

இவை யாவும் சமமானவை எனக் கூறி ஒதுங்குவது விமர்சனமாகாது. பெனடிக்ற்றுஸ் பகுதியில் இரண்டு குரல்களே உள்ளன. அவை சிறுசிறு தொடர்களால் ஒன்றையொன்று அழைத்தும் விடையிறுத்தும் செல்கின்றன. அங்கு பிரெஞ்சுக் குழுவின் வேறுபட்ட குரல்கள் இரு மனிதர் எதிரெதிரே நிற்பதை உணர்த்துகின்றன. டாலிஸ் ஸ்கொலர்ஸ் அதனை ஒரே ஒளியின் இரு கதிர்களாக்கி உரையாடலை அழித்துவிடுகின்றனர். கிறிஸ்து மனிதனாதலைக் கூறுமிடத்தில் நான்கு குரல்களும் பின்னலை விட்டு ஒருங்கே சொற்களை உச்சரிக்கின்றன. வெஸ்ற்மின்ஸ்ரர் குழு அச்சொற்களை நாடோறும் பயன்படுத்துவோரின் உறுதியோடு அதனைப் பாடுகின்றது. இறுதி அக்னுஸ் தேயியிலோ, மூல மெட்டு மேற்குரலில் நீண்ட சுரங்களாக மீண்டும் வெளிப்பட, கீழ்க்குரல்கள் இடையறாது இயங்குகின்றன. அவ்விடத்தில் டாலிஸ் ஸ்கொலர்ஸின் தெளிவுக்கு இணையில்லை. ஒருகாலத்தில் அவையோருக்கும் குருமாருக்குமே எட்டிய கட்டுக்கோப்பு எந்தச் சாதாரணக் கேட்போனுக்கும் புலனாகின்றது. இது அற்ப சாதனையன்று.

'மூலத்திற்கு உண்மை' என உரிமைகோரும் ஆற்றுகைகள் உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் நவீனத்துவச் சுவையையே பிரதிபலிக்கின்றன என றிச்சாட் தறஸ்கின் வாதிட்டார். அவ்வாதம் சரியானதே, ஆயினும் போதுமானதன்று. சுவையும் விளக்கப்படவேண்டிய ஒன்று. கல்லூரி, சந்தை, திருச்சபை, ஒலிவாங்கி ஆகியன எவ்வாறு குரல்வளையினுள் புகுந்து சுவையாக உருக்கொள்கின்றன என்பதே அடுத்த வினா. பழமையை எவ்வளவு நெருங்கிற்று என்பதைக் கொண்டு ஓர் ஆற்றுகையை மதிப்பிட நாம் உடன்படோம். பொதுமைக்கும் தனித்தன்மைக்கும், சேவகத்துக்கும் சுதந்திரத்துக்கும் இடையே ஜொஸ்கின் தம் இசையில் நிகழ்த்திய போராட்டத்தை எவ்வளவு கேட்கச் செய்கின்றது என்பதே எமது அளவுகோல். அவ்வகையில் இம்மூன்றும் ஒன்றன் மௌனத்தை மற்றொன்று வெளிப்படுத்துகின்றன. அவற்றை அருகருகே வைத்துக் கேட்கும்போதே அப்போராட்டத்தின் முழுமை எமக்குக் கிட்டுகின்றது.